அடைப்புக்குறிக்குள் ஒரு மூச்சு

குடைக்காரர் சுடப்பட்ட அன்று மாடி வீட்டில் அழுதார்கள். எங்கள் வீட்டில் கைதட்டினார்கள். ஒரே தொடர், ஒரே அத்தியாயம், ஒரே துப்பாக்கி. நடுவில் இருந்தது ஒரு கான்கிரீட் தளம் மட்டும்தான்.

குடைக்காரர் என்பவர் வியாழக்கிழமை சாயங்காலங்களில் தொலைக்காட்சியில் வரும் போலீஸ் தொடரின் இன்ஸ்பெக்டர். எந்நேரமும் கையில் ஒரு குடை வைத்திருப்பார். மழை கொட்டினாலும் விரிக்க மாட்டார். ஏன் என்று தொடரில் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நிஜத்தில் இப்படி ஒரு அதிகாரி இருந்தால் சளி பிடித்தே வேலையை விட்டிருப்பார். ஆனால் ஊரில் பாதிப்பேர் அவருக்காக உயிரையே கொடுப்பார்கள். மீதிப்பேர் அந்தப் பாதிப்பேரோடு ஒரே வீட்டில் இருக்கிற பாவத்துக்காக உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் இரண்டாவது கட்சி.

எங்கள் வீட்டில் அப்பா, அக்கா, நான். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. அப்பா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்தவர். ஜெனரேட்டர் இன்னும் ஓடுகிறது, அப்பாவின் காதுதான் நின்றுவிட்டது. நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அக்காவின் வேலையைச் சொன்னால் பலருக்குப் புரியாது. தொலைக்காட்சியில் காது கேட்காதவர்களுக்காகக் கீழே எழுத்து ஓடுமே, அதை எழுதுவது அவள்தான். பேச்சை மட்டும் எழுதினால் போதாது, சத்தத்தையும் எழுத வேண்டும். அதற்கு அடைப்புக்குறி. [கதவு அறைந்து சாத்தப்படுகிறது]. [தூரத்தில் நாய் குரைக்கிறது]. நாள் முழுக்க ஒரு சின்ன அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்தத் தெருவில் எந்த நாய் குரைத்தது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டாம். கேட்டதை எழுது, தெரிந்ததை எழுதாதே, நினைத்ததை எழுதவே எழுதாதே. அக்கா இதை வீட்டிலும் விடுவதில்லை. அதனால் அவளோடு சண்டை போடுவது மகா கஷ்டம். போன மாதம் நான் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல், நடுவில் நான் இருமியது உட்பட, அப்படியே திருப்பிச் சொல்வாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் கூடத்தில் ஒரு சபை கூடும். அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பேக்கரி அக்கா. மாவு பிசையும் இயந்திரத்தோடு காலம் தள்ளியவர், காது முக்கால்வாசி போய்விட்டது, ஆனால் எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார். இன்னொருவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவருக்கு இரண்டு காதும் கேட்காது, ஆனால் பேச்சு நிற்காது. மூவரும் தொலைக்காட்சியின் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டு எழுத்தைப் படிப்பார்கள். யாருக்கும் உபயோகமில்லாத சத்தம் எதற்கு என்பது அப்பாவின் கட்சி. நானும் சத்தமில்லாமல்தான் பார்க்க வேண்டும். எனக்கு வேகமாகப் படிக்க வராது. அதனால் அந்தக் கூடத்தில் குறையுள்ள ஆள் நான்தான். ஏதாவது கேட்டால் பேக்கரி அக்கா பரிதாபமாகப் பார்த்து, மெதுவாக விளக்குவார்.

அன்றைக்குக் குடைக்காரர் தன் இலாகாவிலேயே ரகசியத்தை விற்கிற ஆள் யார் என்று கண்டுபிடித்துவிட்டார். தரைக்கடியில் இருக்கும் ஒரு கார் நிறுத்துமிடத்துக்குத் தனியாகப் போனார். புத்தியுள்ள யாரும் போக மாட்டார்கள், அவர் போனார். ஒவ்வொரு விளக்காக அணைந்தது. அவர் முகத்தைக் காட்டினார்கள். குடையைக் காட்டினார்கள். திரை இருட்டாகிவிட்டது.

[துப்பாக்கி வெடிக்கிறது] என்று வந்தது. பிறகு வெறும் இருட்டு. மாடி வீட்டில் யாரோ "ஐயோ!" என்று அலறியது எனக்குக் கேட்டது. இருட்டு நீண்டுகொண்டே போனது. அதன் முடிவில், எழுத்து வந்தது.

[மூச்சு விடும் சத்தம்]

அப்பா எழுந்து நின்றுவிட்டார். பேக்கரி அக்கா கைதட்டினார். கண்டக்டர் என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டு, "ஆள் இருக்காருடா தம்பி, இருக்காரு!" என்றார். எனக்கு இருமல் வந்துவிட்டது.

மாடி வீட்டில் இருப்பவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கட்டடம் முழுக்க அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"அண்ணே, ஒரு மனுஷன் செத்துக் கிடக்கான். கைதட்டறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல் செல்போனில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டினேன்: ஏன் கைதட்டினீர்கள் என்று கேட்கிறார்.

"ஏன்னா அவர் சாகலை" என்றார் அப்பா. தன் குரல் தனக்குக் கேட்காததால் அப்பா எதையும் மூன்று வீட்டுக்குச் சேர்த்துத்தான் சொல்வார்.

தொடரைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிக் காட்டினார். மாஸ்டர் அந்த எழுத்தைப் பார்த்தார். ஒரே ஓட்டமாக மாடிக்குப் போனார். அவர் வீட்டில் சத்தத்தை உச்சத்துக்கு வைத்து அந்தத் துப்பாக்கி இன்னொரு தடவை வெடித்ததும் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திரும்பி வந்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அண்ணே."

பேக்கரி அக்கா அவர் உதட்டைப் படித்துவிட்டு கண்டக்டரின் தோளைத் தட்டி, தன் காதைத் தொட்டுக் கையை விரித்து, "இவருக்குக் காது கேக்கலையாம்" என்றார்.

"பாவம்" என்றார் கண்டக்டர், மனப்பூர்வமாக.

மாஸ்டரின் மனைவி எங்கள் தொலைக்காட்சியை ஒரு படம் எடுத்து இணையத்தில் போட்டார். அவ்வளவுதான். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியுமா? மறுநாள் காலையில் நான் லிஃப்டுக்குள் நின்று வேலை பார்க்கிறேன், மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் பேசியது ஒரே விஷயம்தான். மூச்சு உண்டா, இல்லையா? மூச்சு இருந்தால் உள்ளே போன மூச்சா, வெளியே வந்த மூச்சா? வெளியே வந்தது என்றால் அது கடைசி மூச்சாகவும் இருக்கலாமே என்று இணையத்தில் ஒரு பல் டாக்டர் சந்தேகம் கிளப்பினார். பல் டாக்டருக்கு இதில் என்ன வேலை என்று ஆயிரம் பேர் அவரைத் திட்டினார்கள்.

அதுவரை கீழே எழுத்து ஓடினால் எரிச்சல்படுகிற ஜனங்கள் எல்லோரும் எழுத்தைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒருவர், அந்த இருட்டின் சத்தத்தை மட்டும் தனியாக எடுத்து, நிதானமாக ஓடவிட்டுக் கேட்டாராம். மூச்சு தெளிவாகக் கேட்கிறது என்று சத்தியம் செய்தார். அவர் சொன்ன பிறகு நிறையப் பேருக்குக் கேட்க ஆரம்பித்தது. பற்றாததற்கு ஏதோ விளையாட்டுப் போட்டி ஒளிபரப்பு என்று தொடரை இரண்டு வாரம் தள்ளிப்போட்டுவிட்டார்கள். ஜனங்களுக்கு வேறு வேலை இல்லாமல் போய்விட்டது.

இதில் ஆதாயம் அடைந்தது அப்பாதான்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் காது போன பிறகு அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல வேண்டும். அப்பா படி இறங்குவதையே விட்டுவிட்டிருந்தார். காரணம் கால் அல்ல. நாலு பேர் கூடிச் சிரிக்கிற இடத்தில் நின்று, "என்ன, என்ன?" என்று கேட்டால், யாராவது ஒருவர் கையை ஆட்டி "ஒண்ணுமில்லை" என்பார். வீட்டிலும் அதுதான். நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். யார் உட்கார்ந்து செல்போனில் அடிப்பது? ஒண்ணுமில்லை, அப்புறம் சொல்றேன். அந்த அப்புறம் வந்ததே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் கேட்பதை நிறுத்தினார், பிறகு போவதை நிறுத்தினார். வியாழக்கிழமை சபை இல்லாவிட்டால் பேசுவதையும் நிறுத்தியிருப்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு பழமொழி இருக்கிறது. சங்கு ஊதியவனுக்காகத்தான் எல்லோரும் வருத்தப்படுகிறார்கள்.

இப்போது நிலைமை தலைகீழ். அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு படி இறங்கினார். டீக்கடையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து நின்றார்கள். "அண்ணே, உங்களுக்குப் பழக்கம் இருக்கு, சொல்லுங்க, இந்த எழுத்து பொய் சொல்லுமா?" தண்ணீர்த் தொட்டி சம்பந்தமாகக் கட்டடத்தில் நடந்த கூட்டத்தில் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தொட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா எழுந்து அங்கே ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார்.

"நான் எத்தனை வருஷமா இந்த எழுத்தை நம்பிப் பொழைக்கிறேன். மனுஷங்க ஒண்ணுமில்லைன்னு சொல்லுவாங்க. எழுத்து அப்படிச் சொன்னதே இல்லை. எழுதுறது என் பொண்ணு. அவ எழுதினா அது நடந்துச்சு. அந்த மனுஷன் செத்திருந்தா, நான் இனிமே உங்க முன்னாடி வந்து உட்காரமாட்டேன். போதுமா?"

கைதட்டினார்கள். அப்பாவுக்குச் சத்தம் கேட்காது, கைகள் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தோசை அதிகமாக, இல்லை, தோசை இல்லை, ரொட்டி. எதுவாக இருந்தால் என்ன, அதிகமாகச் சாப்பிட்டார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அப்பாவை இப்படிப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று.

அக்காதான் சரியில்லை. கட்டடத்தில் எல்லோரும் அவளை மறித்துக் கேட்டார்கள். "கேட்டதைத்தான் எழுதினேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட வைக்காமல் என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"தொடருக்குச் சத்தம் சேர்க்கிறவர் போன் பண்ணினாருடா. அந்த இடத்துல நாங்க மூச்சே வைக்கலையே, உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கறார்."

"நீ என்ன சொன்னே?"

"இருக்குன்னு சொன்னேன். ரெண்டு தடவை சரிபார்த்துத்தான் அனுப்பினேன்."

மேடையில் இருந்த பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியை வைத்தாள். தொலைக்காட்சிக்காரர்களின் இணையப் பக்கத்தில் அந்த அத்தியாயம் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வேலைக்கு வைத்திருக்கும் கனத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள். முடிந்ததும் விரலை உயர்த்தி, "இதோ, இருக்கு" என்றாள். ஹெட்போனை எனக்கு மாட்டினாள். கேட்டேன். துப்பாக்கி வெடித்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

"இல்லையே அக்கா."

"உனக்கு எப்பவும் அவசரம்." பிடுங்கித் தான் மாட்டிக்கொண்டாள். இந்த முறை நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். குடைக்காரர் கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்ததும் அக்காவின் தோள்கள் மெல்ல உயர்ந்தன. விளக்கு அணைய அணைய இன்னும் உயர்ந்தன. அங்கேயே நின்றுவிட்டன. திரை இருட்டாயிற்று. அவள் உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது. இருட்டு நீண்டது. தோள்கள் பொத்தென்று இறங்கின.

"இதோ!" என்றாள், விரலை உயர்த்தி.

"அக்கா, அது நீ."

"என்னது?"

"மூச்சு உன்னோடது. இன்னொரு தடவை போடு. நான் சொல்ற வரைக்கும் விடாதே."

போட்டாள். முகம் சிவந்து, கண் பிதுங்க, அடக்கிக்கொண்டு நின்றாள். இருட்டு வந்து, போய், பெயர்கள் ஓட ஆரம்பித்தன. "இப்ப விடு" என்றேன். விட்டாள். ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேடைமேல் வைத்தாள். காதை இறுக்கி மூடிக்கொண்டிருந்தால் நம் மூச்சு நமக்கே பக்கத்து ஆள் விடுவதுபோல் கேட்கும். அது அவளுக்கே தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே அவள்தான் சொல்லிக்கொடுப்பாள்.

"ரெண்டு தடவை சரிபார்த்தேன்டா" என்றாள் மறுபடியும்.

"ரெண்டு தடவையும் பயந்திருக்கே."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு செய்ததற்காக என்பதைவிட, இந்தத் தொடருக்குத் தானும் ரசிகை என்று தெரிந்துபோனதற்காக அழுதாள் என்று நினைக்கிறேன். கதையைப் பார்க்காதே, சத்தத்தைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், குடைக்காரருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள். தெரிந்துதான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் மேலாளரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் போயிருக்கிறாள். அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இருந்துட்டுப் போகட்டுமே. டைரக்டருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஊரே பேசுது, காசு கொடுத்தாலும் இப்படிப் பேசமாட்டாங்க" என்றாராம். குடைக்காரருக்கு அடுத்து என்ன ஆகும் என்று மேலாளருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. படம் பிடித்து வந்தால்தான் தெரியும். தொடர் திரும்ப ஆரம்பிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த அத்தியாயத்தை மறுஒளிபரப்புச் செய்வார்கள். அதற்குள் திருத்த வேண்டுமானால் திருத்தலாம், உன் இஷ்டம் என்றுவிட்டார்.

"நான் திருத்தப் போறேன்" என்றாள் அக்கா என்னிடம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கென்ன பைத்தியமா? டைரக்டர் சந்தோஷமா இருக்கார். மேலாளர் சந்தோஷமா இருக்காங்க. மாடி வீட்டு மாஸ்டர் அழுகையை நிறுத்திட்டார். அப்பாவைப் பாரு. எவ்வளவு நாளைக்கப்புறம் சட்டை போட்டுக்கிட்டு வெளிய போறார். கூட்டத்துல எழுந்து உன் பேர்ல சத்தியம் பண்ணியிருக்கார். நீ அந்த வரியை எடுத்தா அவர் மறுபடியும் அந்த ரூமுக்குள்ள போய் உட்கார்ந்துப்பார். அப்புறம் வரவே மாட்டார். அதுதான் உனக்கு வேணுமா?"

"வேண்டாம்."

"அப்புறம்?"

"அப்பாவுக்கு வேற காது இல்லைடா. நான் எழுதுறதுதான் அவருக்குக் கேக்குது. நடக்காததை எழுதிட்டேன்னு தெரிஞ்சும் அப்படியே விடச் சொல்றியா?"

"பொய் சொல்லச் சொல்லலை. சும்மா இருன்னுதான் சொல்றேன்."

"அவர்கிட்ட நாம எல்லாரும் அதைத்தானே செய்றோம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோபித்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கூடத்தில் சாயங்காலத்துக்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மறுஒளிபரப்பைப் பார்க்கக் கட்டடத்தில் பாதிப்பேர் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அந்த வரியை எங்கள் தொலைக்காட்சியில், அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தால்தான் அவர்களுக்குத் திருப்தியாம். அக்கா செல்போனில் நெடுநேரம் அடித்தாள். அழித்தாள், மறுபடி அடித்தாள். பிறகு அவர் முன்னால் நீட்டினாள்.

அப்பா படித்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"நீயா?" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள்.

பாதி இஸ்திரி போட்ட சட்டையை மடித்தார். அதை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். எவ்வளவு வேகமாகச் சாத்துகிறோம் என்பதும் அவருக்குத் தெரியாது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஆடி நின்றது. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டுக் கதவை எவ்வளவு தட்டி என்ன பிரயோஜனம்? கதவடி இடுக்கில் வெளிச்சம் தெரியும்படி கூடத்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தோம், எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவோம். வரவில்லை. "இப்ப திருப்திதானே?" என்று அக்காவைக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

சாயங்காலம் ஜனங்கள் வந்துவிட்டார்கள். நாற்காலி கொண்டுவந்தவர்கள் நாற்காலியில், மற்றவர்கள் தரையில். மாஸ்டர் மனைவியோடு சோபாவைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது மாடிக் கம்ப்யூட்டர்காரர் தொலைக்காட்சிக்கு ஒட்டி உட்கார்ந்தார். பேக்கரி அக்காவும் கண்டக்டரும் தங்கள் வழக்கமான இடத்தில். அப்பாவின் நாற்காலி மட்டும் காலி. "அண்ணன் எங்கே?" என்று எல்லோரும் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா சமையலறை வாசலில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

தொடர் ஆரம்பித்துப் பாதி போன பிறகு கதவு திறந்தது. அப்பா வந்தார். சட்டையின் ஒரு பக்கம் மடிப்புக் கலையாமல் இருந்தது, மறுபக்கம் கசங்கியிருந்தது. யாரையும் பார்க்காமல் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

குடைக்காரர் கார் நிறுத்துமிடத்துக்குள் போனார். விளக்குகள் அணைந்தன. மாஸ்டரின் மனைவி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். திரை இருட்டாகிவிட்டது.

[துப்பாக்கி வெடிக்கிறது]

எல்லோரும் எழுத்து வருகிற இடத்தையே பார்த்தார்கள். இருட்டு நீண்டது. நீண்டுகொண்டே போய், பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

பிறகு ஒவ்வொருவராக அப்பா பக்கம் திரும்பினார்கள். கண்டக்டர்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் அப்பாவைப் பார்க்கத் துணியாமல் அவர் கால்களைப் பார்த்தேன். அந்தக் கால்கள் எழுந்து நின்றன.

"எல்லாரும் கேளுங்க" என்றார் அப்பா, மூன்று வீட்டுக்குச் சேர்த்து. "அந்த மூச்சு குடைக்காரரோடது இல்லை. என் பொண்ணோடது. அந்த மனுஷனுக்கு என்ன ஆகுமோன்னு பயந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. விட்டப்போ அவ காதுலயே கேட்டிருக்கு. எழுதிட்டா. தப்புன்னு தெரிஞ்சதும் எடுத்துட்டா. யாரும் எடுக்கச் சொல்லலை. அவளா எடுத்தா. அவளாத்தான் எங்கிட்ட வந்து சொன்னா. நான் உங்ககிட்ட சொல்லிட்டேன்."

"ஆனா எனக்குக் கேட்டுச்சே" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அப்போ குடைக்காரர் இருக்காரா, இல்லையா அண்ணே?"

பேக்கரி அக்கா அதை அப்பாவுக்குத் திருப்பிச் சொன்னார், உதட்டை அசைத்து அசைத்து.

"தெரியாது. உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும்" என்றார் அப்பா. "செத்திருந்தா உங்க முன்னாடி உட்காரமாட்டேன்னு சொன்னேன். அது கொஞ்சம் அதிகப்படி. அதை வாபஸ் வாங்கிக்கறேன். வியாழக்கிழமை எல்லாரும் இங்க வாங்க. சேர்ந்தே பார்ப்போம்."

"வரோம் அண்ணே" என்றார் மாஸ்டர். அப்பாவுக்குப் புரிய வேண்டும் என்று தலையையும் பலமாக ஆட்டினார். அவர் மனைவி, செத்தே போயிருந்தால் எப்படிப் பார்ப்பது என்று மறுபடியும் அழ ஆரம்பித்தார்.

அப்பா சமையலறை வாசலைப் பார்த்துக் கையை அசைத்தார். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

அப்பா அவளிடம் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டார். கூடம் முழுக்கக் கேட்டது.

"காது போனதுலேர்ந்து எனக்கு ஒரு பயம். நீங்க தூங்கும்போது மூச்சு விடறீங்களா இல்லையான்னு தெரியமாட்டேங்குது. ராத்திரி எழுந்து வந்து, உங்க ரெண்டு பேர் போர்வையும் ஏறி இறங்குதான்னு பாத்துட்டுப் போய்த்தான் படுப்பேன். இத்தனை வருஷமா அப்படித்தான்."

எனக்கு அது தெரியாது. அக்காவுக்கும் தெரியாது என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் எங்களிடம் கேட்டதற்கெல்லாம் நான் சொன்ன பதில் என்ன என்பது நினைவுக்கு வந்து, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பா அவளைத் திரும்பி நிற்கச் சொன்னார். அவள் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில், உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"விடு" என்றார்.

அக்காவுக்கு அழுகையில் மூச்சு சரியாக வரவில்லை. ஒரு தடவை திணறினாள். பிறகு ஆழமாக இழுத்து, விட்டாள்.

அப்பாவின் உள்ளங்கை அவள் மூச்சோடு ஏறி இறங்கியது.

"சரியாத்தான் எழுதியிருக்கே" என்றார்.